ராக் இதழ் வடிவமைக்கும் மாணவர்களே, அந்தக் கறுப்பை முதலில் நிறுத்துங்கள்

இந்த வாரமும் ஒன்று வந்துவிட்டது. கன்னங்கரேல் என்று ஓர் அட்டை. அடியில் தீ, நடுவில் மண்டையோடு, அதற்குப் பின்னால் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு எலெக்ட்ரிக் கிட்டார். இதழின் பெயர் விரிசல் விட்ட எழுத்தில். உள்ளே பக்கத்துக்கு ஒரு ஃபான்ட். செய்த மாணவர் பல இரவுகள் கண்விழித்திருக்கிறார் என்பது ஃபைலைத் திறந்து லேயர்களைப் பார்த்தாலே தெரிகிறது. உள்ளே யாரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். "மேட்டர் எல்லாம் டம்மிதான் மேடம். டிசைன்தானே ப்ராஜெக்ட்?" என்றார்.

பத்திரிகை லே-அவுட்தான் எனக்குத் தொழில். மீடியா மாணவர்களின் ப்ராஜெக்ட்டை மதிப்பிட அவ்வப்போது கூப்பிடுவார்கள். ராக் இசை இதழை எடுத்துக்கொள்ளும் மாணவர்கள் எல்லா வருடமும் இருக்கிறார்கள். நல்ல தேர்வுதான். அந்த வாசகருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகத் தெரியும். அவரை மனத்தில் வைத்து வேலை செய்வது சுலபம். ஆனால் என் மேஜைக்கு வருவது ஒரே அட்டை. பெயர் மட்டும் மாறுகிறது. உழைப்பு வீணாவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ராக் என்றால் கறுப்பு, கிழிசல், ரத்தம், படிக்க முடியாத எழுத்து. இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஹெவி மெட்டலின் ஒரு பிரிவுக்கு அந்தத் தோற்றம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 1960களின் சான்ஃபிரான்சிஸ்கோ கச்சேரி போஸ்டர்களை எடுத்துப் பாருங்கள். ஆரஞ்சு, பச்சை, ஊதா என்று கண்ணைப் பறிக்கும். எழுத்துகள் உருகி ஓடும். அதுவும் ராக்தான். ரோலிங் ஸ்டோன் இதழின் முதல் இதழ் 1967 நவம்பர் 9 தேதியிட்டு அதே ஊரிலிருந்து வந்தது. செய்தித்தாள் காகிதத்தில் அச்சிட்டார்கள். அட்டையில் ஜான் லெனன், தான் நடித்த ஒரு படத்தின் ராணுவ ஹெல்மெட்டோடு இருக்கிறார். தீயும் இல்லை, மண்டையோடும் இல்லை. ஒரு நாளிதழுக்குரிய ஒழுங்கோடு இருந்தது அந்தப் பக்கம். 1981இல் பிரிட்டனில் வந்த கெர்ராங் இதழின் பெயர் உடைந்த கண்ணாடி போலத்தான் இருக்கும். ஆனால் உடைந்திருப்பது அந்த ஒரு பெயர்தான். அதற்குக் கீழே இருக்கும் கவர் லைன்கள், அதாவது உள்ளே என்ன இருக்கிறது என்று அட்டையில் சொல்லும் வரிகள், தூரத்திலிருந்தே படிக்கிற மாதிரி தடித்த எழுத்தில் நிற்கும். மாணவர்கள் அந்த விரிசலை மட்டும் எடுத்துவந்து பக்க எண் வரைக்கும் பரப்பிவிடுகிறார்கள்.

ராக்கின் முரட்டுப் பிரிவான பங்க், அதன் இதழ்களின் கிழிசலுக்கு வருகிறேன். 1976இல் லண்டனில் மார்க் பெர்ரி என்ற வங்கி ஊழியர் ஸ்னிஃபின் க்ளூ என்று ஒன்றைத் தொடங்கினார். டைப்ரைட்டரில் அடித்த மேட்டர், ஃபெல்ட் பேனாவால் கையில் எழுதிய தலைப்பு, ஜெராக்ஸ் எடுத்து ஓரத்தில் பின் அடித்த தாள்கள். அவர் கையில் இருந்தது அவ்வளவுதான். அந்த முரட்டுத்தனம் அதிலிருந்து வந்தது. நீங்கள் முழு சாஃப்ட்வேரையும் கையில் வைத்துக்கொண்டு, இணையத்தில் இறக்கிய ஜெராக்ஸ் கறையை லேயராக மேலே போட்டால் அந்த உணர்வு வராது. உண்மையிலேயே அந்தத் தோற்றம் வேண்டுமா? கத்தரிக்கோலும் பசையும் எடுங்கள். தாளில் ஒட்டுங்கள், ஜெராக்ஸ் எடுங்கள், ஸ்கேன் செய்யுங்கள். ஒரு மதிய நேரத்தில் முடிகிற வேலை. அப்படி ஒரு மாணவி செய்து கொண்டுவந்த நடுப்பக்கம் என் நினைவில் இன்னும் இருக்கிறது. ஒட்டிய தாளின் ஓரம் விழுத்திய மெல்லிய நிழல் ஸ்கேனில் அப்படியே பதிந்திருந்தது. எந்த ஃபில்டரும் அதைத் தராது.

படிக்க முடியவில்லையே என்று சொன்னால் உடனே டேவிட் கார்சன் பெயர் வருகிறது. 1990களில் அமெரிக்காவில் வந்த ரே கன் என்ற ராக் இதழின் வடிவமைப்பாளர். பாடகர் பிரையன் ஃபெர்ரியின் பேட்டி சலிப்பாக இருக்கிறது என்று சொல்லி, 1994இல் அதை முழுவதுமாக ஜாஃப் டிங்பேட்ஸ் ஃபான்ட்டில், அதாவது எழுத்துக்குப் பதில் வெறும் குறிகளாகவே போட்டார். மாணவர்களுக்குத் தெரிந்த கதை அதோடு நின்றுவிடுகிறது. அதே பேட்டி அதே இதழின் பின்பக்கத்தில் படிக்கிற எழுத்திலும் அச்சாகியிருந்தது. கலைத்துப் போட்டவர்களே வாசகரைக் கைவிடவில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அவர் அந்தப் பேட்டியைப் படித்துவிட்டுத்தான் அந்த முடிவுக்கு வந்தார். டம்மி மேட்டரைக் கலைத்துப் போட்டு கார்சன் பாணி என்று என்னிடம் சொல்லாதீர்கள். அங்கே கலைக்க எதுவுமே இல்லை.

தமிழில் இதழ் செய்பவர்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து. சுரண்டிய மாதிரி டெக்ஸ்சரை எழுத்தின் மேல் போட்டால் முதலில் காணாமல் போவது புள்ளி. மெய்யெழுத்தெல்லாம் உயிர்மெய்யாகிவிடும். 'பாட்டு' என்று போட்டது 'பாடடு' ஆகி நிற்கும். போட்டவர் கண்ணுக்கு அது தெரியாது, ஏனென்றால் அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும். வரி இடைவெளியும் அப்படித்தான். ஆங்கில இதழைப் பார்த்து அதே அளவுக்கு வரிகளை நெருக்கினால், மேல் வரியின் 'கு', 'ழு' கால்கள் கீழ் வரியின் 'கீ', 'மி' கொக்கிகளில் போய் இடிக்கும். தமிழ் எழுத்துக்கு மூச்சு விட இடம் வேண்டும். விட்டுவிடுங்கள்.

சரி, இப்போது கறுப்பு. திரையில் கறுப்பு என்பது வெளிச்சம் இல்லாத இடம். காகிதத்தில் அது மை. பெரிய பரப்பில் தனிக் கறுப்பு மையை மட்டும் ஓட்டினால் வெளுத்த சாம்பல் மாதிரி வரும். அதனால் மற்ற மைகளையும் சேர்த்து அடர்த்தி கொடுப்போம்: சியான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 என்பது வழக்கமான ஒரு கலவை. மொத்தம் 240 சதவீதம். இதற்குள் வெள்ளை எழுத்து வைத்தால் மைக்கு ஒன்றாக இருக்கும் நான்கு அச்சு பிளேட்டும் மயிரிழை பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்று உட்கார வேண்டும். கொஞ்சம் நகர்ந்தாலும் மெல்லிய கோடுகளுக்குள் வண்ண மை புகுந்துவிடும். 7 பாயின்ட்டில், மெலிந்த எழுத்தில், கறுப்புப் பின்னணியில் இரண்டு பக்கப் பேட்டியை ஓட்டியிருக்கிறீர்களே, அதை அச்சில் யாரும் படிக்க முடியாது. கறுப்பில் வெள்ளை போட்டே ஆக வேண்டும் என்றால் எழுத்தின் தடிமனையும் அளவையும் ஒரு படி ஏற்றுங்கள். மேட்டர் நீளமென்றால் வெள்ளைத் தாளுக்கே போய்விடுங்கள்.

பலருக்கும் தெரியாத ஒன்று: லே-அவுட் சாஃப்ட்வேரான இன்டிசைனின் வண்ணப் பட்டியலில் 'ரெஜிஸ்ட்ரேஷன்' என்று ஒரு கறுப்பு இருக்கும். பார்க்க நல்ல கறுப்பாகத்தான் இருக்கும். அது தாளை எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டும் கட்டிங் குறிகளுக்கானது. நான்கு மையும் தலா 100, ஆக 400 சதவீதம். நல்ல ஆர்ட் பேப்பரிலேயே மொத்த மை 300 சதவீதத்தைத் தாண்டினால் அச்சகத்தில் முகம் சுளிப்பார்கள். மை காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். அந்தக் கறுப்பைப் பின்னணிக்குத் தொடவே தொடாதீர்கள்.

படங்கள் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. தேடி எடுத்து ஒட்டிய நட்சத்திரத்தின் படம் அட்டையில். அந்தப் படம் எடுத்தவருக்குச் சொந்தம். இசைக்குழுவின் ரசிகர் என்பதால் உங்களுக்கு அதில் உரிமை வந்துவிடாது. படத்துக்குக் கீழே 'நன்றி: இணையம்' என்று போட்டால் அனுமதி வாங்கியதாகவும் ஆகாது. உரிமையை விடுங்கள், அளவாவது போதுமா? 3 மில்லிமீட்டர் ப்ளீடோடு, அதாவது வெட்டும்போது ஓரத்தில் வெள்ளை தெரியாமலிருக்க விடும் கூடுதல் இடத்தோடு, ஏ4 அட்டைக்கு, அங்குலத்துக்கு 300 என்ற கணக்கில் ஏறத்தாழ 2550க்கு 3580 பிக்சல் வேண்டும். எடுத்து ஒட்டியதோ 800 பிக்சல். அதை இழுத்துப் பெரிதாக்கினால் பிக்சல்தான் கூடும், விவரம் கூடாது.

நீங்களே எடுங்கள். உங்களைச் சுற்றி கிட்டார் கற்றுக்கொள்பவரோ டிரம்ஸ் வாசிப்பவரோ ஒருவர் இருப்பார். அவரை அட்டையில் போடுங்கள். கற்பனையாக ஒரு குழு, ஒரு பெயர், ஒரு வரலாறு கொடுங்கள். அந்தப் பேட்டியை நீங்களே எழுதுங்கள். இது மாணவர் ப்ராஜெக்ட். நட்சத்திரம் இல்லை என்று யாரும் மதிப்பெண் குறைக்கப்போவதில்லை. கேமராவை நிமிர்த்தி, உயரவாக்கில் எடுங்கள். தலைக்கு மேல் இதழின் பெயருக்கு இடம், பக்கவாட்டில் கவர் லைனுக்கு இடம் விட்டு ஃபிரேம் வையுங்கள். முகம் ஃபிரேமை அடைத்துக்கொண்டு நின்றால் எழுத்தை நெற்றியில்தான் வைக்க வேண்டிவரும்.

கச்சேரியில் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேடையில் சிவப்பு எல்இடி மட்டும் எரிகிறபோது முகம் ஒரே சிவப்புத் திட்டாக விழும். கேமரா திரையில் சரியாகத் தெரியும், பெரிதாக்கினால் மூக்கும் கன்னமும் பிரியாது. எக்ஸ்போஷரைக் கொஞ்சம் இறக்கி எடுங்கள், அல்லது விளக்கு மாறும் வரை பொறுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம், பெரிய கச்சேரிகளில் பத்திரிகைக்காரர்களுக்கே படமெடுக்க அனுமதி பெரும்பாலும் முதல் மூன்று பாட்டுக்குத்தான், அதுவும் ஃப்ளாஷ் இல்லாமல்.

எடுத்த படத்தை இடம் வலமாகத் திருப்பாதீர்கள். முகம் பக்கத்துக்கு உள்ளே பார்க்க வேண்டும் என்று ஒரே க்ளிக்கில் திருப்பிவிடுகிறார்கள். வலது கைக்காரர் இடது கையால் வாசிப்பார். கிட்டாரின் தலையில் இருக்கும் பெயர் கண்ணாடி எழுத்தாகும். மற்ற இதழ்களில் இது தப்பிக்கலாம். ராக் வாசகர் அட்டையைக் கையில் எடுத்ததும் பார்ப்பது கிட்டாரைத்தான். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வலது கைக்காரர்களுக்கான கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து இடது கையால் வாசித்தவர். அவர் கிட்டாரின் உடலில் இருக்கும் கொம்பு எந்தப் பக்கம் நீண்டிருக்கும் என்று சொல்லக்கூடியவர்கள்தான் உங்கள் வாசகர்கள். ஏஐ வரைந்து கொடுத்த கிட்டாரை அவர்கள் முன்னால் வைக்கும் துணிச்சல் எனக்கு வராது. நான் பார்த்த ஒன்றில் தலையில் ஐந்து திருகாணி இருந்தது. ஆறு கம்பி புறப்பட்டு, பாதி வழியில் நான்காகி, பிரிட்ஜில் எங்கேயும் கட்டாமல் முடிந்தது.

மற்றவை சட்டென்று. இடப்பக்கம் இரட்டை எண், வலப்பக்கம் ஒற்றை எண். சென்டர் பின் அடிக்கும் இதழென்றால் பக்கங்கள் நான்கின் மடங்கில்தான் வரும். 10 பக்க இதழ் என்று ஒன்று கிடையாது. நடுப்பக்கப் படத்தில் மடிப்பு பாடகரின் முகத்தில் விழாமல் பாருங்கள். அட்டையில் சொன்னது உள்ளே இருக்க வேண்டும், பொருளடக்கம் சொல்லும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இரண்டு ஃபான்ட் குடும்பம் போதும்.

ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். முதல் வாரத்திலேயே ஃபைலைக் கேட்காதீர்கள், டம்மியைக் கேளுங்கள். நான்கு தாளை மடித்து, பின் அடித்து, எந்தப் பக்கத்தில் என்ன என்று பென்சிலால் எழுதிய டம்மி. இது யாருக்கான இதழ், எந்த ராக், அட்டையில் யார், ஏன் என்று மாணவர் வாயால் சொல்லட்டும். அதற்கப்புறம் கம்ப்யூட்டரைத் திறக்கட்டும். சமர்ப்பிக்கும் முன் பேட்டிப் பக்கத்தை மட்டுமாவது அசல் அளவில் பிரின்ட் எடுத்து, ப்ராஜெக்ட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் கொடுத்து முதல் பத்தியை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தாளைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனால் எழுத்தின் அளவை ஏற்றுங்கள்.