மாணவ நிருபர்களின் படைப்புத் தொகுப்பில் எதைப் பார்க்க வேண்டும்?

இதழியல் மாணவர்களின் படைப்புத் தொகுப்பை மதிப்பிடும்போது, அச்சில் வந்த பத்திரிகை நறுக்குகளுக்கே கூடுதல் மதிப்பெண் போடும் வழக்கம் ஆசிரியர்களாகிய நம்மிடம் இன்னும் இருக்கிறது. பைலைனுடன், அதாவது எழுதியவர் பெயருடன், வந்த செய்தியில் மாணவர் எழுதியது எவ்வளவு, பத்திரிகையின் உதவி ஆசிரியர் மாற்றி எழுதியது எவ்வளவு என்பதை அந்த நறுக்கை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆகவே மாணவர் முதலில் அனுப்பிய பிரதியையும், களத்தில் எழுதிய குறிப்பேட்டுப் பக்கங்களையும் சேர்த்தே கேட்டு வாங்குகிறேன்.

திங்கள்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தைப் பற்றிய செய்தி பல தொகுப்புகளில் இருக்கும். ஆட்சியர் தலைமை வகித்தார், மனுக்கள் பெறப்பட்டன, அலுவலர்களுக்கு அறிவுறுத்தினார் என்று மக்கள் தொடர்பு அலுவலகத்தின் செய்திக்குறிப்பை வரிசைகூட மாறாமல் திருப்பித் தருபவையே அவற்றில் அதிகம். பிழையற்ற தமிழில் இருப்பதால் மதிப்பெண்ணும் வாங்கிவிடுகின்றன. அதே கூட்டத்தில் வரிசையில் நின்ற மூதாட்டி ஒருவரிடம் பேசி, பட்டா மாறுதலுக்காக அவர் முன்பு கொடுத்த மனுக்களின் ஒப்புகைச் சீட்டுகளைப் பார்த்து, வட்டாட்சியர் அலுவலகத்தில் விளக்கமும் கேட்டு எழுதப்பட்ட செய்தி, நடையில் தடுமாறினாலும் எனக்கு மேலானதாகவே படுகிறது.

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாணவர் அனுப்பிய மனுவின் நகல் இருந்தால், பதில் வந்திருக்காவிட்டாலும் அதை மதிப்பிடலாம். பதிலுக்குப் பொதுவான கெடு 30 நாள். பருவமோ அதற்குள் முடிந்துவிடக்கூடும்.

கறாராக இருக்க வேண்டிய இடம் வேறு. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களைப் பற்றிய செய்திகளில், ‘பெயர் மாற்றப்பட்டுள்ளது’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு, சிறுமி எந்தப் பள்ளியில் எத்தனையாம் வகுப்பு படிக்கிறாள், தந்தை எந்த நிறுத்தத்தில் கடை வைத்திருக்கிறார் என்பதையெல்லாம் மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள். அந்தத் தெருவில் இருப்பவர்களுக்கு வேறு அடையாளம் வேண்டியதில்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு பெயர், முகவரி, புகைப்படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி என அடையாளம் காட்டும் எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். சிறப்பு நீதிமன்றம் எழுத்துமூலம் அனுமதித்தால் மட்டுமே விலக்கு உண்டு.

தொகுப்பை இப்போது பலர் இணையத்தில் ஏற்றி வைக்கிறார்கள் என்பதால், அத்தகைய செய்தி கண்ணில் பட்டதும் மாணவரை அழைத்து, பக்கத்தை நீக்கச் செய்து, அது நீங்கியதைப் பார்த்த பிறகே மதிப்பெண் தாளை எடுக்கிறேன்.