கவுன்சிலிங் என்பது கலந்தாய்வா?

போதை மீட்பில் வேலை பார்க்கும் என்னிடம் போன மாதம் ஒரு அம்மா கையில் ஒரு தாளோடு வந்தார். வடசென்னைக்காரர், மீன் விற்பவர். மகனுக்குப் பதினாறு வயது. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம், கூடவே ஒரு செல்போன் பறிப்பு வழக்கு. தாளில் "போதை மீட்புக் கலந்தாய்வில் பங்கேற்க வேண்டும்" என்று அச்சடித்திருந்தது. "மார்க் ஷீட்டு எடுத்துனு வர்ணுமா சார்?" என்று கேட்டார். கேட்டதோடு நிற்காமல், பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்தும் வந்திருந்தார். பையன் எட்டாம் வகுப்போடு நின்றவன்.

அவர்மேல் என்ன தப்பு? தமிழ்நாட்டில் கலந்தாய்வு என்றால் பொறியியல் சேர்க்கை, இல்லாவிட்டால் ஆசிரியர் இடமாறுதல். தரவரிசை, காலியிடம், ஒதுக்கீட்டு ஆணை. ஆங்கிலத்தில் இந்தச் சேர்க்கைக்கும் கவுன்சிலிங், மனச்சிக்கலோடு வருபவரோடு உட்கார்ந்து பேசுவதற்கும் கவுன்சிலிங். மொழிபெயர்த்தவர் பழகிய சொல்லை எடுத்து ஒட்டிவிட்டார். இந்தத் தவறை நான் பார்ப்பது இது முதல் தடவை இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

கவுன்சிலிங் என்ற சொல்லின் மூலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் கான்சிலியம், கூடி யோசிப்பது, யோசனை. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. வக்கீலையும் அங்கே அதே சொல்லால்தான் அழைக்கிறார்கள். மனச்சிக்கலோடு வருபவரோடு உட்கார்ந்து பேசும் தொழிலுக்கு அந்தப் பெயர் நிலைத்தது இருபதாம் நூற்றாண்டில். அதில் பெரிய பங்கு கார்ல் ரோஜர்ஸ் என்ற உளவியலாளருக்கு உண்டு. அவர் 1928 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் வேலை பார்த்தார். அங்கே அவரிடம் வந்தவர்களில் நீதிமன்றம் அனுப்பிய சிறார்களும் உண்டு. அப்புறம் 1940களில் அவர் வலியுறுத்தியது, வந்தவருக்கு யோசனை சொல்வதை விட்டு, அவரே தன் வழியைக் கண்டெடுக்கும்வரை உடன் இருக்க வேண்டும் என்பதை. அதாவது சொல்லின் வேர் யோசனை. தொழிலோ யோசனை சொல்வதை விட்டு விலகி வந்துவிட்டது. வேரைப் பார்த்து மொழிபெயர்த்தால் இடறும்.

இடறியவர்கள் வைத்த பெயர்தான் "ஆலோசனை வழங்குதல்". வடசொல் என்பதற்காக நான் அதை எதிர்க்கவில்லை. யோசனையும்கூட வடசொல்தான், தினமும் சொல்கிறேன். என் குறை வேறு. ஆலோசகர் என்ற பலகை இப்போது வீட்டுமனை விற்பவரிடமும் இருக்கிறது, வாஸ்து பார்ப்பவரிடமும் இருக்கிறது. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்வது என்ற பொருள் அதில் ஊறிவிட்டது. அங்கிருந்து அறிவுரைக்கு ஒரே எட்டு. "சிறுவர்களுக்கு கவுன்சிலிங் கொடுத்து அனுப்பினர்" என்று செய்தி வரும். உள்ளே படித்தால், ஒருவர் பதினைந்து நிமிடம் கண்டித்திருப்பார். சட்டம் இந்தக் குழப்பத்தைச் செய்யவில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 18ஆம் பிரிவு அறிவுரை, கண்டிப்பு இரண்டையும் ஒரு பக்கம் வைத்து, கவுன்சிலிங்கைத் தனியாகச் சொல்கிறது. தமிழாக்கத்தில் மூன்றும் ஒரே குழம்பாகிவிடுகின்றன. ஆணையை நிறைவேற்றியாகிவிட்டது என்று கோப்பை மூடுகிறார்கள். பையனுக்குக் கிடைத்தது திட்டு மட்டும்.

வினையையும் கவனியுங்கள். ஆலோசனையை வழங்குகிறோம், கவுன்சிலிங்கைக் கொடுக்கிறோம். கொடுக்கப்படும் பொருள் முன்னால் நிற்கிறது, பையன் வாங்கிக்கொள்ளும் இடத்தில் நிற்கிறான். மாத்திரை கொடுப்பது போலத்தான். ஏற்கெனவே வாழ்நாள் முழுக்க அறிவுரை வாங்கியவன் அவன். வீட்டில், பள்ளியில், ஸ்டேஷனில்.

நல்ல சொல் கையிலேயே இருக்கிறது: ஆற்றுப்படுத்துதல். ஆறு என்றால் வழி, வழியில் செலுத்துவது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் வேலை அறிவிப்புகளில் "ஆற்றுப்படுத்துநர்" என்றே போடுகிறார்கள். (னர் என்று எழுதாதீர்கள். ஓட்டுநர், இயக்குநர் போல இதுவும் நர்.) சிலர் இதை ஆறுதல் சொல்பவர் என்று நினைக்கிறார்கள். அந்த ஆற்றுதல் வேறு. இது ஆற்றுப்படை இலக்கியத்தின் சொல். வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே பசியோடு வரும் இன்னொரு பாணனிடம் தான் போன வழியைச் சொல்கிறான். சொல்பவன் மேட்டில் நின்று பேசவில்லை. நேற்றுவரை அவனும் பசித்தவன். போதையிலிருந்து மீண்டவர்கள் மற்றவர்களுக்குத் துணை வரும் எங்கள் தொழில் முறைக்கு இதைவிடப் பொருந்தும் படம் எனக்குத் தெரியவில்லை. ஆற்றுப்படை நூல்களில் ஒன்றான மலைபடுகடாத்தில் வழியின் ஆபத்தும் வருகிறது: பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு கிடக்கும் குழி, புனம் காப்பவர் வீசும் கவண்கல். எங்கே சறுக்கும் என்று முன்கூட்டிச் சொல்வதுதான் எங்கள் வேலையில் பாதி.

வழிகாட்டுதல் எளிதாயிற்றே என்பார்கள். அது "வழிகாட்டு நெறிமுறைகள்" என்று சுற்றறிக்கைக்குள் போய்விட்டது. இலங்கையில் புழங்கும் உளவளத்துணை எனக்குப் பிடித்த சொல். அதில் உள்ள "துணை" அருமை. ஆனால் இங்கே அது பழகவில்லை.

எழுதுகிறவர்களிடம் இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. "போதை அடிமை", "இளம் குற்றவாளி" என்ற சொற்களைத் தலைப்பில் போடுவதை எப்போது விடுவார்கள்? சிறார் தொடர்பான நடைமுறையில் குற்றம் சாட்டும் தொனியுள்ள சொல்லே கூடாது என்பது அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்லும் நெறி. "சட்டத்துக்கு முரண்பட்ட சிறார்" கொஞ்சம் நீளம்தான். நீளமாகவே இருக்கட்டும். பதினாறு வயதில் அடிமை என்று பெயர் வைத்துவிட்டு, அப்புறம் வெளியே வா என்று எப்படிக் கூப்பிடுவது?

அன்று அந்தத் தாளில் கலந்தாய்வை அடித்துவிட்டு ஆற்றுப்படுத்துதல் என்று எழுதினேன். பையன் எட்டிப் பார்த்தான். "ஆத்துப்... இன்னா சார் இது?" ஆறு என்றால் வழி என்றேன். தாளைத் திருப்பிப்போட்டு, வீட்டிலிருந்து தொழிற்பயிற்சி நிலையம் வரை போகும் வழியை வரையச் சொன்னேன், மாத்திரை கைக்கு வரும் இடங்களில் புள்ளி வைக்கச் சொன்னேன். பஞ்சர் கடையில் ஒன்று, ரயில் நிலையப் படிக்கட்டில் ஒன்று, உடனே வைத்துவிட்டான். மூன்றாவதற்குப் பேனாவை ரொம்ப நேரம் உருட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அம்மா இருந்தார். அவரை வெளியே உட்காரச் சொன்ன பிறகுதான் வைத்தான். அது அவன் வீட்டு மொட்டை மாடி.