மென்பொருள் காட்டும் பிழை முழுப் பிழை அல்ல

வாணியம்பாடி, ஆம்பூர், அந்தப் பக்கம் குப்பம் வரை, சின்னத் தொலைநோக்கி வைத்து மாறுவிண்மீன்களை (பிரகாசம் மாறிக்கொண்டே இருக்கும் நட்சத்திரங்களை) அளக்கும் தமிழ் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய தரவைச் சரிபார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. பிழை என்ற இடத்தில் பெரும்பாலும், படங்களை அளக்கும் மென்பொருள் தந்த 0.003 மேக்னிட்யூட் (நட்சத்திரப் பிரகாசத்தின் அளவை; 0.01 என்பது சுமார் 1 சதவீதம்) போல ஓர் எண் இருக்கும். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

நட்சத்திரத்தின் ஒளியால் கேமராவில் 1,00,000 எலக்ட்ரான் சேர்ந்தால், அதன் வர்க்கமூலமான சுமார் 316தான் இரைச்சல். அதாவது 0.3 சதவீதம். வானப் பின்னணியையும் கேமராவின் வாசிப்பு இரைச்சலையும் மென்பொருள் இதோடு சேர்த்துக்கொள்ளும். கணக்கு சரிதான். ஆனால் அதில் காற்று இல்லை. 20 செ.மீ. தொலைநோக்கியில் 10 விநாடி எடுத்தால், தலைக்கு நேர் மேலே, காற்றின் அசைவால் நட்சத்திரம் மினுக்குவதால் மட்டும் ஏறக்குறைய 0.0025 மேக்னிட்யூட் வரும். நட்சத்திரம் 30 பாகைக்கு இறங்கினால் அது மூன்று மடங்குக்கு மேல். பாலாற்றுச் சமவெளி விளக்கொளி மெல்லிய மேகத்தில் பட்டுத் திட்டுத்திட்டாகத் தெரியும் இரவுகளில் நிலைமை இன்னும் மோசம். சரியில்லாத ஃப்ளாட் படமும் (கேமராவின் சமமின்மையைத் திருத்த எடுக்கும் சீரான ஒளிப் படம்) தன் பங்கைச் சேர்க்கும்.

வழி ஒன்று உண்டு. ஒப்பீட்டு நட்சத்திரத்தோடு (இலக்கை ஒப்பிட்டு அளக்க வைத்திருக்கும், பிரகாசம் தெரிந்த நட்சத்திரம்), மாறாத இன்னொரு நட்சத்திரத்தையும் இரவு முழுக்க அளந்துகொண்டே வாருங்கள். அது உங்கள் இலக்கின் பிரகாசத்துக்கும் நிறத்துக்கும் நெருக்கமாக இருக்கட்டும். அதன் அளவுகளின் திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றி அவை சிதறும் அளவு) 0.015 என்றால், உங்கள் பிழையும் கிட்டத்தட்ட அதுதான், மென்பொருள் என்ன சொன்னாலும். 1.5 சதவீதம் மங்கும் புறக்கோள் கடப்பை (வேறொரு நட்சத்திரத்தின் கோள் அதன் முன்னால் கடப்பதை) தேடுகிறவர் இந்தச் சிதறலைப் பார்க்காமல் ஒற்றைப் புள்ளியை நம்பினால், மேகத்தையே கோள் என்று எழுதிவிடுவார். 1977 மார்ச் 10 அன்று காவலூர் வானாய்வகத்தின் 1 மீட்டர் தொலைநோக்கியில் பதிவான நட்சத்திர மங்கல், யுரேனஸின் வளையம் மறைத்ததால் வந்தது என்று உறுதியானதற்குக் காரணம், வேறு இடங்களிலும் மங்கல்கள் பதிவானதுதான்.

அப்புறம், ஒப்பீட்டு நட்சத்திரத்தின் அட்டவணை மதிப்பிலேயே 0.02 தவறு இருந்தால், நூறு படங்களைச் சராசரி எடுத்தாலும் அது குறையாது. நிற வேறுபாட்டால் வரும் பிழையும் அப்படித்தான். இவற்றைத் தனியே குறித்து அனுப்புங்கள்.

பல பேர் தரவைச் சேர்த்து ஆராய்கிறவர்கள், பிழையின் வர்க்கத்துக்குத் தலைகீழாக எடை கொடுப்பது வழக்கம். பிழையை மூன்று மடங்கு குறைத்துச் சொன்னால் உங்கள் புள்ளிக்கு ஒன்பது மடங்கு எடை கூடிவிடும். பக்கத்து ஊரில் கவனமாக அளந்து 0.015 என்று உள்ளபடி எழுதிய மாணவியின் தரவு அதற்கு அடியில் அமுங்கிப்போகும்.