ஜப்பானின் ‘தோகுதெய் கினோ’ விசா: வேலை உண்டு, குடும்பம் கூடாது, ஐந்து வருடம்தான்

“பட்டம் தேவையில்லை, ஜப்பானில் வேலை, கை நிறையச் சம்பளம்” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் விளம்பரங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது ஒரே விசாதான். ஜப்பானிய மொழியில் அதன் பெயர் ‘தோகுதெய் கினோ’. குறிப்பிட்ட திறன் என்று பொருள். விளம்பரத்தில் சம்பளம் கொட்டை எழுத்தில் இருக்கும். ஐந்து வருடம்தான் இருக்கலாம், மனைவி மக்களைக் கூட்டிப்போக முடியாது என்ற இரண்டு விஷயங்களும் இருக்காது. இவை ஏதோ ஓர் அதிகாரி போகிற போக்கில் போட்ட நிபந்தனைகள் அல்ல. வேலைக்கு ஆள் வேண்டும், ஆனால் வந்தவர்கள் குடியேறிவிடக் கூடாது என்று ஜப்பான் பல வருடங்களாகத் தனக்குள்ளேயே நடத்திவரும் வழக்கில் எட்டிய சமரசம் இது. அதனால் விதியோடு வழக்கையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஜப்பானின் மக்கள்தொகை 2008 வாக்கில் சுமார் 12.8 கோடியைத் தொட்டது. அப்புறம் இறங்குமுகம்தான். 2024இல் 12.4 கோடிக்கும் கீழே போய்விட்டது. அந்த வருடம் ஜப்பானியர்களுக்குப் பிறந்த குழந்தைகள் சுமார் 6.86 லட்சம் பேர். கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து ஏழு லட்சத்துக்குக் கீழே இறங்கியது அதுதான் முதல் தடவை. நூறு பேரில் 29 பேர் 65 வயதைத் தாண்டியவர்கள்.

முதியோர் பராமரிப்பில்தான் இதன் வலி அதிகம் தெரிகிறது. 2022இல் இந்த வேலையில் சுமார் 21.5 லட்சம் பேர் இருந்தார்கள், 2040இல் 27.2 லட்சம் பேர் வேண்டியிருக்கும் என்று ஜப்பானிய அரசே கணக்குப் போட்டிருக்கிறது. ஆள் கிடைக்காவிட்டால் சம்பளத்தைக் கூட்ட வேண்டியதுதானே என்று தோன்றும். அங்கேதான் முடிச்சு. 2000இல் வந்த பராமரிப்புக் காப்பீட்டுத் திட்டத்தில், எந்தச் சேவைக்கு எவ்வளவு கட்டணம் என்பதை அரசுதான் நிர்ணயிக்கிறது. ஹோட்டல்காரர் இட்லி விலையை ஏற்றுவதுபோல ஒரு முதியோர் இல்லம் தன் கட்டணத்தை ஏற்றிவிட முடியாது. சம்பளம் மற்ற வேலைகளைவிடக் குறைவாகவே நிற்கிறது, உள்ளூர் இளைஞர்கள் வருவதில்லை. வெளிநாட்டவரைக் கொண்டுவந்தால் சம்பளம் எப்போதுமே உயராது என்று அங்கே சிலர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கட்டணத்தை ஏற்றினால் காப்பீட்டுப் பிரீமியமும் வரியும் ஏறும். அதற்கும் யாரும் கை தூக்குவதில்லை.

இந்த இடத்தில்தான் 2018 டிசம்பரில் அன்றைய பிரதமர் ஷின்சோ அபேயின் அரசு சட்டத்தைத் திருத்தியது. 2019 ஏப்ரல் 1 முதல் விசா நடைமுறைக்கு வந்தது. இது குடியேற்றக் கொள்கை அல்ல என்று அபே திரும்பத் திரும்பச் சொன்னார். பதினான்கு துறைகள், ஐந்து வருடத்தில் அதிகபட்சம் 3,45,150 பேர் என்பது முதல் கணக்கு. கொரோனா குறுக்கே வந்ததால் அந்த எண்ணிக்கை எட்டப்படவில்லை. ஆனாலும் 2024 மார்ச்சில் அடுத்த ஐந்து வருடத்துக்கான உச்சவரம்பை 8,20,000 ஆக உயர்த்தினார்கள். லாரி, பஸ், டாக்ஸி ஓட்டுவது, ரயில்வே, காட்டுத்தொழில், மரத்தொழில் ஆகியவையும் புதிதாகச் சேர்ந்தன. 2024 முடிவில் இந்த விசாவில் இருந்தவர்கள் 2 லட்சத்து 84 ஆயிரம் பேர். அதில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வியட்நாம்காரர்கள்.

விசாவில் இரண்டு படிகள் உண்டு. முதல் படியில் நிறுவனம் மாறினாலும், இடையில் ஊருக்கு வந்து போனாலும், எல்லாம் கூட்டி மொத்தம் ஐந்து வருடம். அரிதாகச் சில விதிவிலக்குகள் உண்டு. குடும்பத்தை அழைக்க முடியாது. இரண்டாம் படிக்குக் கடினமான தேர்வும் மேற்பார்வை அனுபவமும் வேண்டும். அதில் ஏறிவிட்டால் விசாவை எத்தனை தடவை வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம், கணவன் அல்லது மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளலாம். பெற்றோரை அப்போதும் முடியாது. ஜப்பானியப் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளப் போனவர் தன் பெற்றோரைக் கூட வைத்துக்கொள்ள வழி இல்லை.

பராமரிப்புத் துறைக்கு இந்த இரண்டாம் படியே கிடையாது. மூன்று வருட வேலை அனுபவமும் அதற்கான பயிற்சியும் முடித்து, ‘காய்கோ புகுஷிஷி’ என்ற தேசியத் தேர்வை ஜப்பானிய மொழியில் எழுதித் தேறினால் வேறொரு விசாவுக்கு மாறலாம். அதற்குக் கால வரம்பு இல்லை, குடும்பத்துக்கும் இடம் உண்டு. போகும்போதே இந்தத் தேர்வை மனதில் வைத்துக்கொண்டு போவது நல்லது. ஐந்து வருடம் நீளமாகத் தெரியும். ஷிஃப்ட் வேலைக்கு நடுவே படிக்க உட்கார்ந்தால்தான் அது எவ்வளவு குறுகியது என்று புரியும்.

இன்னொரு விதி பலர் கண்ணில் படுவதில்லை. நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்கப் பொதுவாகப் பத்து வருடம் ஜப்பானில் இருந்திருக்க வேண்டும், அதில் ஐந்து வருடமாவது வேலை விசாவில் இருந்திருக்க வேண்டும். அந்த ஐந்து வருடக் கணக்கில் முதல் படி சேராது. குடியேற்றம் அல்ல என்று அபே மேடையில் சொன்னது விதிப் புத்தகத்தில் இப்படி உட்கார்ந்திருக்கிறது.

தகுதிக்கு வருவோம். வயது 18 ஆகியிருக்க வேண்டும். பொதுவாக ஜே.எல்.பி.டி. என்4 அல்லது ஜே.எஃப்.டி. பேசிக் என்ற மொழித் தேர்வு, துறைக்கான திறன் தேர்வு இரண்டும் தேற வேண்டும். ஜே.எல்.பி.டி. சென்னையில் ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. தமிழ் தெரிந்தவருக்கு இலக்கணம் பெரிய பூதம் இல்லை. “நான் சோறு சாப்பிடுகிறேன்” என்பதை அதே வரிசையில் “வதாஷி வா கோஹான் ஓ தாபேமாசு” என்று சொல்லிவிடலாம். மென்னியைப் பிடிப்பது சீனத்திலிருந்து வந்த ‘கான்ஜி’ எழுத்துகள்தான்.

பராமரிப்பு வேலைக்கு இன்னும் ஒரு மொழித் தேர்வு கூடுதலாக இருக்கிறது. அது ஏன் என்று யோசிப்பவர்களுக்கு ஓர் உதாரணம். படுக்கைப்புண்ணுக்குப் பேச்சில் ‘தோகோசுரே’ என்று ஒரு சொல், குறிப்பேட்டில் ‘ஜோகுசோ’ என்று இன்னொரு சொல். விழுங்கச் சிரமப்படும் பெரியவருக்குத் தேநீரை அப்படியே கொடுக்கக் கூடாது. ‘தோரோமி’ போட வேண்டும் என்பார்கள், அதாவது பொடி கலந்து கூழ்ப் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். யாருக்கு எவ்வளவு கெட்டியாக என்பது பணி மாறும்போது இரண்டு வார்த்தையில் சொல்லப்படும். அதைத் தவறவிட்டால் தேநீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

சம்பளம் அதே வேலை செய்யும் ஜப்பானியருக்குக் கிடைப்பதற்குக் குறையக் கூடாது. வேலைக்கு எடுப்பவர் விமான நிலையத்தில் வந்து கூட்டிப்போக வேண்டும். வீடு பார்ப்பது, வங்கிக் கணக்கு தொடங்குவது, நகராட்சிப் பதிவு என்று எல்லாவற்றுக்கும் உதவ வேண்டும், அல்லது பதிவு பெற்ற உதவி அமைப்பு ஒன்றிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். அந்தச் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது. முன்வைப்புத் தொகை, பாதியில் விட்டால் அபராதம் என்ற ஒப்பந்தங்களுக்கு அனுமதி இல்லை. அதே துறைக்குள் வேறு நிறுவனத்துக்கு மாறவும் உரிமை உண்டு.

இந்தக் கடைசி உரிமை சும்மா வந்ததல்ல. 1993 முதல் இருந்துவரும் ‘தொழில்நுட்பப் பயிற்சியாளர்’ திட்டம், வளரும் நாடுகளுக்குத் தொழில் கற்றுக்கொடுப்பதாகத்தான் காகிதத்தில் இருந்தது. நடந்தது மலிவான ஆள் சேர்ப்பு. எவ்வளவு மோசமான முதலாளியாக இருந்தாலும் பொதுவாக மாற முடியாது. 2023இல் மட்டும் 9,753 பயிற்சியாளர்கள் வேலையிடத்தைவிட்டுத் தலைமறைவானார்கள். அந்தத் திட்டத்தை ஒழித்து ‘இகுசெய் ஷூரோ’ என்ற புதிய திட்டத்தைக் கொண்டுவரும் சட்டம் 2024 ஜூனில் நிறைவேறியது; நடைமுறைக்கு வருவது 2027 ஏப்ரலில். அதில் மூன்று வருடம் வேலை செய்து ‘தோகுதெய் கினோ’வுக்கு ஏறலாம். நிறுவனம் மாற ஒரு வருடமோ இரண்டு வருடமோ காத்திருக்க வேண்டும், துறையைப் பொறுத்து. இந்தக் காத்திருப்பு கிராமப்புற முதலாளிகளின் கவலையால் வந்தது. 2025இல் டோக்கியோவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,226 யென், ஒகினாவாவில் 1,023 யென். கதவைத் திறந்துவிட்டால் எல்லோரும் எங்கே ஓடுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

2025 ஜூலை மேலவைத் தேர்தலில் “ஜப்பானியருக்கே முதலிடம்” என்று முழங்கிய சான்செய்தோ கட்சி 14 இடங்களைப் பிடித்தது. அடுத்த மாதமே மோதியும் அன்றைய பிரதமர் இஷிபாவும், ஐந்து வருடத்தில் இந்தியாவிலிருந்து 50,000 திறன் பணியாளர்களும் திறமையாளர்களும் ஜப்பானுக்குப் போவதை இலக்காக அறிவித்தார்கள். முரண்பாடுபோலத் தெரியும், எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓட்டுப்பெட்டி ஒரு பக்கம் பேசுகிறது, ஆள் கிடைக்காத முதியோர் இல்லம் இன்னொரு பக்கம். உச்சவரம்பு துறைவாரியாக இருப்பதால், ஒரு துறையில் இடம் நிரம்பினால் அதை மட்டும் அரசு நிறுத்திவைக்கலாம். எனவே ஏஜென்சிக்குப் பணம் கட்டும் முன் உங்கள் துறையில் இடம் இருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள்.

‘தோகுதெய் கினோ’ தொடர்பாக இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் 2021 ஜனவரியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சி வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். இ-மைக்ரேட் இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். சேவைக் கட்டணமாக அவர்கள் வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். மொழிப் பயிற்சிக் கட்டணம் தனி, அதற்கும் ரசீது கேளுங்கள்.

சம்பளச் சீட்டில் ஓய்வூதியத்துக்கு என்று 9.15 சதவீதம் பிடிப்பார்கள். ஆறு மாதமாவது கட்டியிருந்தால், நாடு திரும்பியபின் அதில் ஒரு பகுதியை மொத்தமாகத் திரும்பக் கேட்கலாம். ஜப்பானை விட்டு வந்த இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். அதற்கு ஓய்வூதிய எண் வேண்டும், ஆகவே அந்த எண் உள்ள காகிதத்தை அறையைக் காலி செய்யும்போது தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.