பேட்டரி செயின்சாவுக்கும் ஆயில் ஊற்றுங்கள்

இந்த வாரம் சர்வீஸுக்கு வந்த பேட்டரி செயின்சாவின் பார், அதாவது செயின் சுற்றி ஓடும் நீளமான இரும்புத் தகடு, சூட்டில் ஓரம் முழுக்க நீலம் பாய்ந்திருந்தது. செயின் அந்தத் தகட்டின் ஓரத்துக் காடியில் (பள்ளத்தில்) இறுகி அசையவே இல்லை. ஆயில் டேங்கைத் திறந்தால், ஒரு சொட்டு பட்ட தடம்கூடக் கிடையாது. “பேட்டரி மெஷின்தானே, இதுக்கு எதுக்கு ஆயில்?” என்றார் கொண்டுவந்தவர். பட்டுக்கோட்டைத் தோப்புக்காரர்களிடமிருந்து இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

பெட்ரோல் மெஷினில் இரண்டு ஆயில் உண்டு. பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயில் இன்ஜினுக்கு. தனி டேங்கில் ஊற்றுவது பாருக்கும் செயினுக்கும். பேட்டரி வந்ததும் முதல் ஆயில்தான் போனது. இரும்பு மேல் இரும்பு ஓடுவது பேட்டரியிலும் அப்படியேதான் நடக்கிறது, பல மாடல்களில் நொடிக்கு 10 மீட்டருக்கு மேல். ஆயில் இல்லாவிட்டால் அந்தச் சூடே பாரைத் தின்றுவிடும்.

இன்னும் சிலர் வண்டியில் வடித்த பழைய ஆயிலை ஊற்றுகிறார்கள். அதிலுள்ள துகள் மெஷினின் ஆயில் பம்பை அடைக்கும், தெறிப்பது தோலுக்கும் கேடு. செயினில் ஒட்டி நிற்பதற்கென்றே வரும் பார் ஆயிலை வாங்குங்கள். பார் நுனியை ஓர் அட்டைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பிடித்து ஓடவிட்டால் அட்டையில் ஆயில் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் காடியிலும் ஆயில் துளையிலும் மரத்தூள் அடைத்திருக்கும், சுரண்டி எடுங்கள்.

சுரண்டுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றுங்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். பேட்டரி மாட்டிய மெஷின் சத்தமில்லாமல் நிற்கும். லாக் பட்டனும் ட்ரிகரும் தவறி அழுந்தினால் அதே நொடி செயின் ஓடும், விரல் போய்விடும். அரம் போடும்போதும், பிள்ளைகள் உள்ள வீட்டில் சும்மா ஓரமாக வைக்கும்போதும் பேட்டரி வெளியே இருக்கட்டும்.

அப்புறம், வைக்கும் இடம். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்ததைப் பார்த்த ஊர் இது. ஐப்பசி, கார்த்திகைக்கு உதவும் என்று மெஷினை வாங்கி, மற்ற மாதமெல்லாம் மோட்டார் ஷெட் தகரத்துக்கடியில் பேட்டரியோடு போட்டுவைத்தால் எப்படி? லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகவே ஆகாது. மாதக்கணக்கில் முழுச் சார்ஜில் வைத்தாலும் கெடும், காலியாக வைத்தாலும் கெடும். பாதிச் சார்ஜில், வீட்டுக்குள், ஆணி கம்பி படாத இடத்தில் வையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேட்டரியிலுள்ள லைட் பட்டனை அழுத்திச் சார்ஜ் பாருங்கள். வேலை முடிந்து சூடாக இருக்கும்போதே சார்ஜரில் செருகாதீர்கள்.

மெஷினைப் பிரஷ்ஷால் துடையுங்கள், தண்ணீர் பீய்ச்ச வேண்டாம். செயினைக் கொஞ்சம் தளர்த்தி விடுங்கள், ஆறும்போது சுருங்கிப் பாரை இறுக்கும். உறை மாட்டுங்கள். வைத்த இடத்தில் கொஞ்சம் ஆயில் கசிவது சகஜம்தான், டேங்கைக் காலி செய்துவிட்டால் சரி.

பேட்டரி உப்பியிருந்தாலோ, விழுந்து விரிசல் விட்டிருந்தாலோ சார்ஜ் போட்டுப் பார்க்காதீர்கள். பிரிக்கவோ குத்தவோ வேண்டவே வேண்டாம். வீட்டுக்கு வெளியே, தீப்பிடிக்கும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு சர்வீஸ் கடைக்குப் போன் போடுங்கள்.