திருக்கை குத்தினால் ஐஸா, வெந்நீரா?

"டாக்டரம்மா, திருக்கை குத்திருச்சு. ஐஸ் வச்சுக் கட்டிக் கூட்டிட்டு வந்துட்டோம்."

பாம்பன் பக்கம் வைத்தியம் பார்க்கும் நான் இதை அடிக்கடி கேட்கிறேன். படகில் ஐஸ் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது, அதனால் அதைத்தான் எடுக்கிறார்கள். ஆனால் திருக்கை மீன் முள்ளுக்கு வேண்டியது சூடு.

திருக்கையின் வால் முள்ளை ஒரு மெல்லிய தோல் மூடியிருக்கும். முள் காலில் ஏறும்போது அந்தத் தோல் கிழிந்து, அதிலுள்ள விஷம் சதைக்குள் இறங்குகிறது. விஷத்தில் பெரும்பகுதி புரதம். சூடு பட்டால் முட்டை வெள்ளைக்கரு மாறிப்போகிறது இல்லையா, அதுபோல இந்தப் புரதமும் சூட்டில் வீரியம் இழக்கும். கெளுத்தி முள் குத்தினாலும் இதே வைத்தியம்தான்.

சரி, எவ்வளவு சூடு? பொறுக்கக்கூடிய அளவு, அதிகம் போனால் 45 டிகிரி செல்சியஸ். முதலில் கடல் தண்ணீராலாவது காயத்தைக் கழுவி, அப்புறம் 30 முதல் 90 நிமிடம் வரை காலை வெந்நீரில் முக்கி வையுங்கள். ஆற ஆற மாற்றுங்கள். சூட்டைக் குத்துப்பட்ட காலால் பார்க்கவே கூடாது. வலியில் துடிக்கும் காலுக்குச் சூடு தெரியாது. கூட இருப்பவர் கை வைத்துப் பார்க்கட்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போன ஒரு பெரியவருக்குக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிவிட்டார்கள். முள் குத்திய புண் சீக்கிரம் ஆறியது, வெந்த புண் ஆற இரண்டு மாதம் ஆனது. அவர் பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டப்படுகிறது.

சினிமாவில் வருவதுபோல் கயிறு கட்டுவது, வாயால் உறிஞ்சுவது இரண்டும் வேண்டாம்.

முள்ளின் ஓரத்தில் ரம்பம் மாதிரி பற்கள் பின்னோக்கி இருக்கும், இழுத்தால் சதையையும் கிழித்துக்கொண்டு வரும். மார்பிலோ வயிற்றிலோ கழுத்திலோ குத்தியிருந்தால் பிடுங்காமல் அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள். டிவியில் வனவிலங்கு நிகழ்ச்சி நடத்திய ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் இர்வின் 2006-இல் கடலுக்கடியில் படப்பிடிப்பு நடத்தியபோது, மார்பில் திருக்கை முள் பாய்ந்துதான் இறந்தார்.

வலி நின்றாலும் வந்து காட்டுங்கள். உள்ளே முள் துண்டு தங்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும், டெட்டனஸ் வராமல் தடுக்கும் டிடி ஊசியும் தேவைப்படலாம். சர்க்கரை அல்லது கல்லீரல் நோய் உள்ளவர்கள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். கடல் தண்ணீர்க் கிருமி அவர்களுக்கு உயிருக்கே ஆபத்தாகலாம்.

கடல் பாம்பு கடி வேறு விஷயம். அங்கே வலி அதிகம் இருக்காது, வெந்நீரும் உதவாது. கைகாலை அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கரைவலை இழுப்பவர்களும் பாசி எடுக்கும் பெண்களும் ஆழமில்லாத தண்ணீரில் பாதத்தைத் தூக்கி வைக்காமல், மணலைத் தேய்த்தபடி நடங்கள். மணலுக்குள் படுத்திருக்கும் திருக்கை அந்த அதிர்வு தெரிந்தாலே விலகிப் போய்விடும். அது குத்துவது பெரும்பாலும் மேலே மிதித்துவிடும்போதுதான்.