முன் சக்கரம் 21 இன்ச்சா, 19 இன்ச்சா? பெரிய அட்வென்ச்சர் பைக்ல நான் முதல்ல பார்க்கறது அதைத்தான்

மண்ணுலயும் போகணும் ஹைவேலயும் போகணும், பெரிய வண்டியா சொல்லுன்னு யாராச்சும் கேட்டா பேச்சு நேரா சிசி எவ்ளோ பவர் எவ்ளோன்னு போயிடுது. நான் முதல்ல குனிஞ்சு பார்க்கறது முன் டயர்ல இருக்கற நம்பரை. யமஹா டெனேரே 700, ஹோண்டா ஆஃப்ரிக்கா ட்வின், நம்ம சென்னைப் பக்கம் தயாராகற ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 450, மூணுலயும் 90/90-21தான். பிஎம்டபிள்யூ ஆர் 1300 ஜிஎஸ்ல 120/70-19. செஞ்சவங்க மனசுல மண் ரோடு அதிகமா இருந்துச்சா தார் ரோடு அதிகமா இருந்துச்சான்னு இதுலயே முக்கால்வாசி தெரிஞ்சிடும்.

இந்த நம்பர்ல முதல்ல வர்றது டயர் அகலம் மி.மீ.ல, கடைசில வர்ற 21ங்கறது டயர் மாட்டற ரிம்மோட விட்டம் இன்ச்சுல, டயரோட சேர்த்தா முழு விட்டம் கிட்டத்தட்ட 70 செ.மீ., ஜிஎஸ்ல 65 செ.மீ. பெரிய சக்கரம் கல்லு மேல சுலபமா ஏறும்னு எல்லாரும் சொல்வாங்க, மாட்டு வண்டிச் சக்கரம் ஏன் அவ்ளோ உயரம்னு கேட்டாலும் இதே பதில்தான் வரும். ஆனா கணக்கு போட்டுப் பார்த்தா, 8 செ.மீ. உயரக் கல்லு மோதற இடம் 19 இன்ச் சக்கரத்துல அச்சுக்கு நேர் கீழ இருந்து 41 டிகிரி முன்னாடி வருது, 21ல 40க்கு கொஞ்சம் கம்மி. ஒன்றரை டிகிரிதான்! ஏறுறதுல லாபம் உண்டு, ஆனா 21ஓட அருமை முழுக்க அதுல இல்ல.

பெரிய பங்கு அகலத்துல இருக்கு. 90 மி.மீ. டயர் மேலாக்க இருக்கற சேத்தையும் புழுதியையும் கத்தி மாதிரி வெட்டிக்கிட்டு கீழ இருக்கற கெட்டித் தரையைத் தொடும், 120 மி.மீ. டயர் அது மேலயே வழுக்கிக்கிட்டு போகப் பார்க்கும். இன்னொண்ணு பம்பரத்தோட குணம். சுத்தற எடை அச்சுலேருந்து தள்ளி இருந்தா சக்கரம் தன் திசையை லேசுல விட்டுத்தராது, அதனால ஜல்லி ரோட்டுல அறுபதுல போறப்ப சின்னச் சின்னக் கல்லு ஹேண்டில்பாரைத் தட்டிவிட்டாலும் வண்டி நேராவே போகும். இதே குணம்தான் தார்ல எதிரா வந்து நிக்குது, எண்பதுல வேகமா இடம் வலம்னு சாய்க்கணும்னா கையால அழுத்தித் தள்ளணும், தரையைத் தொடற ரப்பரும் கம்மி. அங்க ஜிஎஸ் நினைச்ச உடனே சாயும், அந்த சுகத்தை நான் குறைச்சு சொல்லவே மாட்டேன்.

சஸ்பென்ஷனும் இப்படித்தான் ஒரு பக்கம் குடுத்து இன்னொரு பக்கம் வாங்குது. ஆஃப்ரிக்கா ட்வின்ல முன் சக்கரம் 230 மி.மீ. மேல கீழ போகும், ஹிமாலயன்ல 200. பள்ளத்துல சக்கரம் மட்டும் ஏறி இறங்கி நம்ம உடம்பு அசையாம இருக்கணும்னா அந்த இடம் வேணும், ஆனா தார்ல பிரேக் பிடிச்சா அதே இடத்துக்குள்ள வண்டி மூக்கு அமுங்குது. பிஎம்டபிள்யூ இதுக்கு டெலிலெவர்னு ஒண்ணு வச்சிருக்கு, பிரேக் பிடிக்கற விசை ஒரு தனிக் கை வழியா ஃபிரேமுக்குப் போயிடுது, மூக்கு ரொம்ப அமுங்காது. தார்ல பிரமாதம். மண்ணுல எனக்கு அது கொஞ்சம் ஊமையா இருக்கும், முன் டயர் என்ன மிதிக்குதுன்னு கைக்கு முழுசா சேதி வராது.

பிரேக் பிடிக்கறப்ப சக்கரம் லாக் ஆகாம பார்த்துக்கற ஏபிஎஸ் விஷயத்தைக் கண்டிப்பா சொல்லணும், ஏன்னா உசுரு சம்பந்தப்பட்டது. தார்ல சக்கரம் லாக் ஆகாம இருந்தாத்தான் பிடிப்பு. ஜல்லிலயோ உதிரி மண்ணுலயோ பின் பிரேக்கை மிதிச்சு சக்கரம் நின்னா, இழுபடற டயருக்கு முன்னாடி மண்ணு குவிஞ்சு ஒரு சின்ன வரப்பு மாதிரி நிக்கும், அந்த வரப்புதான் வண்டியைத் தடுக்கும். ஏபிஎஸ் விட்டு விட்டுப் பிடிக்கறதால வரப்பு கட்டவே விடாது, இறக்கத்துல வண்டி போய்க்கிட்டே இருக்கும். அதனாலதான் இந்த மாதிரி வண்டிகள்ல பின் சக்கர ஏபிஎஸ்ஸை அணைக்க வழி வச்சிருக்காங்க, தார் ஏறினதும் மறக்காம திரும்பப் போடுங்க.

இஞ்சின்ல ஒரே ஒரு சங்கதி. டெனேரேலயும் ஆஃப்ரிக்கா ட்வின்லயும் ரெண்டு பிஸ்டன், அதோட மேல கீழ ஓட்டத்தை சுத்தலா மாத்தற கிராங்க்ல ரெண்டுக்கும் நடுவுல 270 டிகிரி இடைவெளி. ஒரு பிஸ்டன் மேல போய் நிக்கற நொடியில இன்னொண்ணு கிட்டத்தட்ட முழு வேகத்துல ஓடும், ரெண்டும் ஒண்ணா நின்னு ஒண்ணா கிளம்பற குலுக்கல் இல்ல. நீங்க ஆக்சிலரேட்டரைத் திருகினது மட்டும் சுத்தமா பின் டயருக்குப் போகுது, ஈர மண்ணுல அது எவ்ளோ பெரிய நிம்மதின்னு ஓட்டிப் பார்த்தாத்தான் தெரியும்.

இப்ப எடை. ஜிஎஸ் 237 கிலோ, டெனேரே சுமார் 205, ஹிமாலயன் 196. ஜிஎஸ்ல சிலிண்டர் ரெண்டும் கீழ பக்கவாட்டுல படுத்திருக்கறதால எடையோட மையம் தாழ்வு, ஓடறப்ப 237ன்னு தோணவே தோணாது, பாறை இடுக்குல மட்டும் அந்த சிலிண்டர் முட்டும். பாலாத்து மணல்ல ஒரு தடவை நண்பரோட 240 கிலோ வண்டி படுத்துடுச்சு, ரெண்டு பேரா முதுகைக் குடுத்து தூக்கினோம், தூக்கி நிறுத்தி ஸ்டாண்ட் போட்டா ஸ்டாண்ட் மணல்ல இறங்கி மறுபடி படுத்துடுச்சு, தட்டையா ஒரு கல்லு தேடி அடியில வச்சப்புறம்தான் நின்னுச்சு, அதுக்குள்ள ரெண்டு பேருக்கும் கை நடுங்குது. 1981ல சஹாரா பாலைவனத்தைத் தாண்டிப் போற பாரிஸ்-டக்கார் ரேஸை ஜெயிச்சது இதே மாதிரி சிலிண்டர் ரெண்டு பக்கமும் படுத்திருக்கற பிஎம்டபிள்யூவோட பெரிய பாக்ஸர் இஞ்சின்தான், பெரிய வண்டி பாலைவனம் தாண்டாதுன்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா 2011லேருந்து அதே ரேஸ்ல 450 சிசிக்கு மேல அனுமதியே இல்ல.

வாங்கறதுக்கு முன்னாடி சீட் உயரத்தையும் பார்த்துடுங்க. டெனேரே 875 மி.மீ., ஹிமாலயன் 825. ஷோரூம் டைல்ஸ்ல ரெண்டு காலும் எட்டுதேன்னு திருப்திப்படாதீங்க, டெஸ்ட் ரைடு குடுத்தா சரிவான மண் ரோட்டுல ஓரமா நிறுத்தி, பள்ளம் இருக்கற பக்கம் காலை ஊனிப் பாருங்க.